ஜாஸ் பியானோவில் சொந்தமாக வாசிக்கத் தொடங்குவது: இரண்டு சுரங்களும் ஒரு ப்ளூஸும்

1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸ் தன் மூவர் குழுவோடு மதியமும் இரவுமாக வாசித்தார். எல்லாம் பதிவானது. 'வால்ட்ஸ் ஃபார் டெபி' என்ற அவருடைய மெட்டை அன்று இரண்டு முறை வாசித்திருக்கிறார். இரண்டு பதிவுகளும் இன்று கேட்கக் கிடைக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுப் பாருங்கள். மெட்டு ஒன்றுதான். மெட்டுக்கு அடியில் ஓடும் கார்ட் வரிசையும், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களின் வரிசையும், ஒன்றுதான். ஆனால் மெட்டு முடிந்து சோலோ தொடங்கியதும் இரண்டும் வேறு வேறு வழியில் போகின்றன. எது மாறவில்லை, எது மாறுகிறது என்று கவனித்தால் ஜாஸ் இம்ப்ரொவைசேஷன், அதாவது அந்த நொடியில் இட்டுக்கட்டி வாசிப்பது, பாதி விளங்கிவிடும்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது ஒன்றுமில்லாத இடத்திலிருந்து இசையை வரவழைப்பது போலத் தெரியும். அப்படி நினைத்துக்கொண்டு பியானோ முன்னால் உட்கார்ந்தால் கை நகராது. உண்மையில் ஜாஸில் சோலோ வாசிப்பவருக்கு முன்கூட்டியே நிறையத் தெரிந்திருக்கும். இந்த நொடியில் எந்த கார்ட் ஓடுகிறது, அடுத்த பாரில் (தாளத்தின் ஒரு சிறு கட்டம், பெரும்பாலும் நான்கு அடி) எது வரும், இந்தச் சுற்று முடிய இன்னும் எத்தனை பார் இருக்கிறது, எல்லாம் தெரியும். தெரிந்த அந்தச் சட்டத்துக்குள் தெரியாத ஒரு மெட்டை அப்போதைக்கப்போது இட்டுக்கட்டுகிறார்.

அந்தச் சட்டம் பெரும்பாலும் மிக எளியது. முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை ஒருமுறை வாசிப்பார்கள். பிறகு மெட்டை விட்டுவிட்டு, அதன் கார்ட் வரிசையை மட்டும் அப்படியே திரும்பத் திரும்பச் சுற்றவிடுவார்கள். ஒவ்வொருவராக அந்தச் சுற்றுகளின் மேல் சோலோ வாசிப்பார்கள். கடைசியில் மறுபடியும் மெட்டு. ஒரு சுற்றின் நீளம் ப்ளூஸ் என்ற பாட்டு வகையில் 12 பார், பழைய பாடல்கள் பலவற்றில் 32 பார். இந்தச் சட்டம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம்: ஜார்ஜ் கெர்ஷ்வின் 1930-ல் அமைத்த 'ஐ காட் ரிதம்' பாட்டின் கார்ட் வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் மேல் ஜாஸ் கலைஞர்கள் எத்தனையோ புதிய மெட்டுகளைக் கட்டினார்கள். சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி இருவரின் 'ஆந்த்ரபாலஜி' அதில் ஒன்று; சானி ராலின்ஸின் 'ஓலியோ' இன்னொன்று. எனவே ஒரு சட்டத்தை நன்றாகக் கற்றால் பல மெட்டுகளுக்கு அது உதவும்.

சரி, அந்தச் சட்டத்துக்குள் எந்தச் சுரத்தை வாசிப்பது? தொடங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஸ்கேல், அதாவது வரிசையாக ஏறி இறங்கும் சுரங்கள். இந்த கார்டுக்கு இந்த ஸ்கேல், அந்த கார்டுக்கு அந்த ஸ்கேல் என்று ஒரு நீளமான பட்டியலைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பட்டியலில் தவறில்லை. ஆனால் அது முதல் பாடமாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஜாஸில் எங்கும் வரும் ஒரு மூன்று கார்ட் வரிசையை எடுத்துக்கொள்வோம்: டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7. மூன்றுக்கும் பொருந்தும் சுரங்கள் ஒரே ஏழு வெள்ளைக் கட்டைகள்தான். நீங்கள் சி மேஜர் ஸ்கேலையே மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தால் கொடூரமாக எதுவும் ஒலிக்காது. ஆனால் கேட்கிறவருக்கு கார்ட் மாறியதே தெரியாது. இடது கை எங்கோ போய்க்கொண்டிருக்கும், வலது கை தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஜாஸ் சோலோவில் நம்மைப் பிடித்து இழுப்பது அந்த மாற்றம்தான். இடது கையை எடுத்துவிட்டு வலது கை தனியாக வாசித்தாலும், இப்போது கார்ட் மாறிவிட்டது என்று காதுக்குத் தெரிய வேண்டும். நல்ல பியானோ கலைஞர்களின் சோலோக்களில் அது தெரியும்.

அதைச் செய்வது இரண்டு சுரங்கள்: ஒவ்வொரு கார்டின் மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும் (கார்டுக்குப் பெயர் தரும் மூல சுரத்தை ஒன்று என்று வைத்து எண்ணினால்). ஜாஸ்காரர்கள் இவற்றை கைடு டோன் என்பார்கள். ஒரு கார்ட் மேஜரா மைனரா என்று சொல்வது மூன்றாம் சுரம். அது ஓய்ந்து நிற்கிறதா, வேறெங்கோ போகத் தவிக்கிறதா என்பதில் ஏழாம் சுரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மூல சுரத்தைப் பெரும்பாலும் பாஸ் வாத்தியக்காரர் பார்த்துக்கொள்வார், தனியாக வாசித்தால் உங்கள் இடது கை. ஐந்தாம் சுரத்தை விட்டுவிட்டாலும் கார்டின் குணம் பெரிதாகக் கெடாது.

மேலே சொன்ன வரிசையில் இவை எப்படி நகர்கின்றன என்று பாருங்கள். டி மைனர் 7-ல் மூன்றாம் சுரம் எஃப், ஏழாம் சுரம் சி. ஜி 7-ல் மூன்றாம் சுரம் பி, ஏழாம் சுரம் எஃப். அதாவது எஃப் அசையாமல் நிற்கிறது. சி மட்டும் அரைப்படி (கருப்பு, வெள்ளை இரண்டையும் எண்ணினால் பக்கத்துக் கட்டை) இறங்கி பி ஆகிறது. அடுத்து சி மேஜர் 7: மூன்றாம் சுரம் ஈ, ஏழாம் சுரம் பி. இப்போது பி நிற்கிறது, எஃப் அரைப்படி இறங்கி ஈ ஆகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு சுரம் காத்திருக்க, இன்னொன்று ஒரே ஒரு அரைப்படி கீழே வருகிறது. இதைப் பியானோவில் மெதுவாக வாசித்துக் கேளுங்கள். இடது கையில் டி, ஜி, சி என்று மூல சுரங்கள், வலது கையில் அந்த இரண்டு சுரங்கள், அவ்வளவுதான். ஒரு ஜாஸ் பாட்டின் முடிவு அதில் முழுசாக ஒலிக்கும்.

இந்த நகர்வைக் காதில் ஏற்றிக்கொள்வதுதான் முதல் வேலை. அதற்கு நான் பரிந்துரைப்பது 12 பார் ப்ளூஸ்.

சி-யில் எளிய ப்ளூஸ் இப்படிப் போகும்: முதல் நான்கு பார் சி 7, அடுத்த இரண்டு பார் எஃப் 7, மறுபடி இரண்டு பார் சி 7, ஒன்பதாவது பார் ஜி 7, பத்தாவது எஃப் 7, கடைசி இரண்டு பார் சி 7. மொத்தம் மூன்றே கார்ட். சி 7-ன் கைடு டோன்கள் ஈ, பி ஃபிளாட் (பி-க்கு அரைப்படி கீழே உள்ள சுரம்). எஃப் 7-க்கு ஏ, ஈ ஃபிளாட். ஜி 7-க்கு பி, எஃப். சி 7-லிருந்து எஃப் 7-க்குப் போகும்போது ஈ அரைப்படி இறங்கி ஈ ஃபிளாட் ஆகிறது, பி ஃபிளாட் அரைப்படி இறங்கி ஏ ஆகிறது. இரண்டு விரலும் ஒரே சமயத்தில் ஒரு கட்டை கீழே நகர்ந்தால் போதும், கார்ட் மாறிவிட்டது.

முதல் பயிற்சி. இடது கையில் ஒவ்வொரு பாரின் தொடக்கத்திலும் மூல சுரம் மட்டும். வலது கையில் பாருக்கு ஒரே ஒரு சுரம், நான்கு அடியும் நீட்டிப் பிடிக்க வேண்டும். நான்கு பார் ஈ, இரண்டு பார் ஈ ஃபிளாட், இரண்டு பார் ஈ, ஒன்பதாவது பாரில் எஃப், பத்தாவதில் ஈ ஃபிளாட், பிறகு இரண்டு பார் ஈ. அடுத்தடுத்து இருக்கும் மூன்றே கட்டைகள். அடுத்த சுற்றில் இன்னொரு கோடு: நான்கு பார் பி ஃபிளாட், இரண்டு பார் ஏ, இரண்டு பார் பி ஃபிளாட், ஒரு பார் பி, ஒரு பார் ஏ, கடைசியில் பி ஃபிளாட். இது சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரித் தோன்றலாம். தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். பியானோவை விட்டு விலகி, மூல சுரத்தை மனசில் வைத்துக்கொண்டு இந்தக் கோட்டை வாயால் பாட முடிகிற வரை இதில் நில்லுங்கள். ஐந்தாவது பார் வரும்போது அந்த ஈ ஃபிளாட் தானாகக் காதில் விழ ஆரம்பிக்கும். அப்போது நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. பாட்டில் எங்கே இருக்கிறோம் என்று காதே சொல்லிவிடும்.

அப்புறம் அதே சுரங்களுக்குத் தாளம் கொடுங்கள். சுரத்தைக் கூட்டாமல் தாளத்தை மட்டும் மாற்றுவது. ஒரு பாரில் இரண்டு தடவை தட்டுங்கள்; அடுத்த பாரில் முதல் அடியை விட்டுவிட்டு இரண்டாம் அடிக்குப் பிறகு உள்ளே வாருங்கள்; ஒரு பாரை முழுக்கக் காலியாக விடுங்கள். டியூக் எலிங்டன் 1942-ல் பதிவு செய்த 'சி ஜாம் ப்ளூஸ்' மெட்டில் இருப்பது ஜி, சி என்ற இரண்டே சுரங்கள். அந்த மெட்டை நிற்க வைப்பது அவை வந்து விழும் நேரம். இரண்டு சுரத்தால் ஒரு முழு மெட்டு கட்ட முடியும் என்றால், இன்னும் நிறையச் சுரம் தெரியாததால்தான் நம் வாசிப்பு நன்றாக இல்லை என்று சொல்லிக்கொள்ள இடமில்லை.

தாளத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் ஜாஸின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஓர் அடியை இரண்டாகப் பிரித்து வாசிக்கும்போது ஜாஸில் இரண்டு பாதியும் சமமாக இருக்காது. முதல் பாதி நீளம், இரண்டாம் பாதி குட்டை. நடுத்தர வேகத்தில் அது ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வரும். வேகம் கூடக்கூடச் சமத்தை நெருங்கும். இதுதான் ஸ்விங். விகிதத்தைக் கணக்குப் போட்டு வாசித்தால் நொண்டுவது போல ஒலிக்கும். பதிவுகளைப் போட்டு, கூடவே வாயால் முணுமுணுத்துப் பழகினால்தான் பிடிபடும். இன்னொரு சங்கதி, அடிகளுக்கு நடுவில் விழும் அந்தக் குட்டைச் சுரத்தை லேசாக அழுத்தி வாசிப்பது. ஒரு வரியில் அங்கங்கே அதைச் செய்தாலே ஸ்கேல் பயிற்சி மாதிரி இருந்தது சட்டென்று ஜாஸாகிவிடும்.

சீராக அடி தட்டும் கருவியான மெட்ரோனோமை எப்படிப் பயன்படுத்துவது என்பதும் முக்கியம். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் வாசிக்கிறீர்கள் என்றால் மெட்ரோனோமை 60-ல் வையுங்கள். அதன் ஒலியை இரண்டாம் அடி, நான்காம் அடி என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஜாஸ் டிரம்ஸில் காலால் மிதிக்கும் ஹை-ஹேட் வழக்கமாக ஒலிக்கும் இடம் அது. முதலில் குழப்பமாக இருக்கும், ஒலியை ஒன்று, மூன்று என்றே காது கேட்கும். வாசிக்காமல் வெறுமனே எண்ணிப் பழகிவிட்டு பிறகு வாசியுங்கள். ஒன்றாம் அடியையும் மூன்றாம் அடியையும் நீங்களே உள்ளுக்குள் தாங்க வேண்டியிருப்பதால் உங்கள் சொந்த லயம் உறுதிப்படும். கூடவே வாசிக்கும் பின்னணி இசைத் தடங்கள் இப்போது ஏராளமாகக் கிடைக்கின்றன. அவை உற்சாகம் தரும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பாஸும் டிரம்ஸும் நேரத்தைச் சுமந்துவிடுவதால், நாம் தடுமாறுவது நமக்கே தெரியாமல் போகும். பாதி நேரமாவது அவை இல்லாமல் வாசியுங்கள்.

கைடு டோன்களும் தாளமும் கைக்குள் வந்த பிறகு அவற்றை இணைக்கலாம். மிக எளிய வழி, இலக்குச் சுரத்தை அரைப்படி கீழிருந்து தொட்டு ஏறுவது. முதல் அடியில் ஈ வர வேண்டும் என்றால், அதற்கு முந்தைய அரை அடியில் டி ஷார்ப் (டி-க்கு அரைப்படி மேலே உள்ள சுரம்). அடுத்து, இரண்டு பக்கமிருந்தும் வளைப்பது: எஃப், டி ஷார்ப், பிறகு ஈ. டி ஷார்ப் சி மேஜர் ஸ்கேலில் இல்லாத சுரம், ஆனாலும் தவறாக ஒலிக்காது. ஏனென்றால் அது வலுவான அடியில் ஈ-யில் போய் அமர்கிறது. தொடங்குகிறவர்களுக்கு மிகவும் விடுதலை தரும் செய்தி இது. எந்தச் சுரமும் தன்னளவில் தவறில்லை. அது எங்கே போய்ச் சேர்கிறது, எந்த அடியில் சேர்கிறது என்பதுதான் கணக்கு. பெபாப் என்ற வேகமான ஜாஸ் பாணியில் வாசித்த கலைஞர்களின் நீண்ட ஓட்டங்களை நிறுத்தி நிறுத்திக் கேட்டால் இந்த வளைப்புகளைத்தான் அடுக்கடுக்காகக் கேட்பீர்கள்.

இந்தக் கட்டத்தில் ப்ளூஸ் ஸ்கேலையும் சேர்த்துக்கொள்ளலாம்: சி, ஈ ஃபிளாட், எஃப், எஃப் ஷார்ப், ஜி, பி ஃபிளாட். 12 பாருக்கும் இதை வைத்தே ஓட்டலாம் என்பது அதன் பலம், அதுவே அதன் ஆபத்தும்கூட. எனக்குப் பிடித்த கலவை, இரண்டு பார் ப்ளூஸ் ஸ்கேலில் சுற்றிவிட்டு, கார்ட் மாறும் பாரில் சரியாக ஒரு கைடு டோனில் இறங்குவது.

இடது கை இந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும்? அதிகம் வேண்டாம். நடு சி-க்குக் கீழே சி 7-க்கு ஈயும் பி ஃபிளாட்டும், எஃப் 7-க்கு ஈ ஃபிளாட்டும் ஏயும். இரண்டு விரல் போதும். முதல் அடியில் ஒருமுறை, இரண்டாம் அடிக்கும் மூன்றாம் அடிக்கும் நடுவில் ஒருமுறை தட்டுங்கள். சார்ல்ஸ்டன் தாளம் என்று இதற்குப் பெயர். தொடக்கத்தில் வலது கை பேசும்போது இடது கையும் கூடவே பேச முயலும். வலது கை ஒரு வாக்கியத்தை முடித்த இடைவெளியில் இடது கை பதில் சொல்லட்டும்.

இடைவெளி என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. சாக்ஸபோன், ட்ரம்பெட் வாசிப்பவர்கள் மூச்சு வாங்க நிறுத்தியே ஆக வேண்டும். பியானோவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அதனால் விரல்கள் நிற்காமல் ஓடும். அதைக் கட்டுப்படுத்த ஒரு நல்ல பயிற்சி: இரண்டு பார் வாசியுங்கள், இரண்டு பார் சும்மா இருங்கள். சும்மா இருக்கும்போதும் சட்டம் மனசுக்குள் ஓட வேண்டும், மறுபடி உள்ளே வரும்போது சரியான கார்டில் வர வேண்டும். இன்னொன்று, வாசிக்கும் ஒவ்வொரு வரியையும் கூடவே பாடுவது. குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை. பாட முடியாத வரியை விரல் வாசிக்கிறது என்றால் அது பழக்கத்தால் ஓடுகிறது, காதின் சொல் கேட்டு ஓடவில்லை.

பாடுவதைப் பாடத்தின் நடுவில் வைத்த ஆசிரியர் ஒருவர் உண்டு. பார்வையற்ற பியானோ கலைஞரான லென்னி ட்ரிஸ்டானோ தன் மாணவர்களை லெஸ்டர் யங், சார்லி பார்க்கர் போன்றவர்களின் சோலோக்களைப் பதிவோடு சேர்ந்து பாடவைத்தார். சுரம், தாளம், அழுத்தம், மூச்சு எல்லாம் அப்படியே வர வேண்டும். நாமும் அதைச் செய்யலாம். முதல் சோலோவாக எடுத்துக்கொள்ள நான் சொல்வது, மைல்ஸ் டேவிஸின் 1959 ஆல்பமான 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் வரும் 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்'. அது பி ஃபிளாட்டில் ஒரு 12 பார் ப்ளூஸ். நம் எளிய ப்ளூஸிலிருந்து சற்றே மாறும் இடம் சுற்றின் முடிவில் இருக்கிறது. மெட்டு முடிந்ததும் முதலில் சோலோ வாசிப்பவர் பியானோ கலைஞர் விண்டன் கெல்லி. வரிகள் தெளிவானவை, வேகம் அதிகமில்லை, ஸ்விங் அபாரம். அதை முழுதாக எழுதி எடுக்க வேண்டாம். இரண்டே பார் எடுங்கள். வேகத்தைப் பாதியாக்கிக் கேளுங்கள், பாடுங்கள், பிறகு கட்டையில் தேடுங்கள். கிடைத்ததும் அதில் கைடு டோன்கள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். அதன்பின் அந்த வரியை சி-க்கும் எஃப்-க்கும் மாற்றி, உங்கள் ப்ளூஸில் ஓரிடத்தில் பொருத்துங்கள். தாளத்தை வைத்துக்கொண்டு சுரங்களை மாற்றுங்கள், அல்லது சுரங்களை வைத்துக்கொண்டு தாளத்தை மாற்றுங்கள். கடன் வாங்கிய வரி இப்படித்தான் மெல்ல உங்களுடையதாகிறது.

எடுத்த எடுப்பிலேயே 12 சுருதிகளிலும் பழக வேண்டும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒருநாள் அது தேவைதான். முதல் சில மாதங்களுக்கு சி, எஃப், பி ஃபிளாட் போதும் என்பேன். ஜாஸில் காற்று வாத்தியங்களின் வசதிக்காக ஃபிளாட் சுருதிகள் அதிகம் புழங்குகின்றன, ஆகவே இந்த மூன்றும் நேரடியாகப் பயன்படும்.

பில் எவன்ஸ் 1966-ல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்தில், இசை ஆசிரியரான தன் அண்ணனோடு பேசும்போது இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். பலர் முழு விஷயத்தையும் ஒரே பாய்ச்சலில் மங்கலாகத் தொட்டுவிடப் பார்க்கிறார்கள். அதைவிட, எவ்வளவு சிறிய பகுதியாக இருந்தாலும் அதை உண்மையாகவும் துல்லியமாகவும் செய்து, அதன் மேல் அடுத்ததைக் கட்ட வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். தினசரிப் பயிற்சிக்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. உங்களிடம் அரை மணி நேரம் இருந்தால், அதில் பெரும்பகுதியை ஒரே ஒரு சிறிய விஷயத்துக்குக் கொடுங்கள். இன்று ஒன்பதாவது, பத்தாவது பார் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். கடைசிப் பத்து நிமிடம் எந்த நிபந்தனையும் இல்லாமல் ப்ளூஸைச் சுற்றிச் சுற்றி வாசியுங்கள். அதை ஃபோனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது கவனிக்காத அவசரமும், திரும்பத் திரும்ப வரும் ஒரே வரியும் அப்போது தெரியும். அடுத்த நாள் எதைப் பழகுவது என்பதை அந்தப் பதிவே காட்டும்.

ப்ளூஸ் ஓரளவு கைவந்ததும் அடுத்த பாட்டாக 'ஆட்டம் லீவ்ஸ்' எடுக்கலாம். பிரான்சில் ஜோசப் கோஸ்மா 1945-ல் அமைத்த மெட்டு அது. ஜி மைனரில் வாசிக்கும்போது அதன் தொடக்க கார்ட் வரிசை சி மைனர் 7, எஃப் 7, பி ஃபிளாட் மேஜர் 7, ஈ ஃபிளாட் மேஜர் 7, ஏ மைனர் 7 ஃபிளாட் 5, டி 7, பிறகு ஜி மைனர். பெயர்கள் மிரட்டும். ஆனால் முதல் கார்டின் ஏழாம் சுரத்தைப் பிடித்துக்கொண்டு, அடுத்ததில் மூன்றாம் சுரம், அதற்கடுத்ததில் ஏழாம் சுரம் என்று மாறி மாறிப் போனால் வலது கைக்கு வருவது இது: பி ஃபிளாட், ஏ, ஏ, ஜி, ஜி, எஃப் ஷார்ப், கடைசியில் ஜி மைனருக்கு அதன் மூல சுரமான ஜி. பாருக்கு ஒரு சுரம், இடது கையில் மூல சுரம், மெட்ரோனோம் இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும். இதை முதலில் பாடிவிட்டு, பிறகு ப்ளூஸில் செய்தது போலவே தாளத்தைச் சேர்க்கத் தொடங்குங்கள்.